சம்பாரம் சாம்பாரான கதை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாடியறை ஒன்றில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நான் வைத்த முதல் சாம்பார் வேகவே இல்லை. கழுவிய துவரம் பருப்பு, நறுக்கிய முருங்கைக்காய், கரைத்த புளி, மஞ்சள், உப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பார் பொடி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் கொதித்தது. வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றினேன். வாசனை மாடிப்படி இறங்கித் தெருவரை போனது. ஆனால் கரண்டியில் எடுத்து நசுக்கினால் பருப்பு நறுக்கென்றுதான் இருந்தது.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "புளி பட்டா பருப்பு வேகாதுப்பா. பருப்பைத் தனியா குழைய வெச்சுக்கோ. காயைப் புளித்தண்ணியில போட்டுப் பச்சை வாசனை போறவரைக்கும் கொதிக்க விடு. அப்புறம் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக்கோ" என்றாள்.

யாராவது நம்மிடம் தந்திரம் காட்டினால் "உன் பருப்பு இங்கே வேகாது" என்கிறோம். அன்றைக்கு அந்தச் சொலவடை எனக்கு அடுப்படிப் பாடமாகவே கேட்டது. பல ஆண்டுகள் கழித்து, சாம்பார் எங்கே பிறந்தது, யார் வைத்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, ராஜாக்கள் வந்தார்கள், கல்வெட்டு வந்தது, கப்பல்கள் வந்தன. எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகும் அம்மா சொன்ன அந்த நாலு வரி மட்டும் நகராமல் நின்றது. சாம்பாரின் பிறப்பு அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

தஞ்சை அரண்மனையில் ஒரு விருந்து

ஊரறிந்த கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஏகோஜி, 1670களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். அவருடைய மகன் ஷாஹஜி 1684 முதல் 1712 வரை ஆண்டார். தாமே கவி பாடியவர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவிசநல்லூரை அறிஞர்கள் குடியிருக்கக் கொடுத்தவர். சமையலிலும் அவருக்குக் கை உண்டு என்கிறது கதை.

ஒரு நாள் சிவாஜியின் மகன் சம்பாஜி தஞ்சைக்கு விருந்தாளியாக வருகிறார். மராட்டியர் வீட்டு அன்றாடப் பருப்புக் குழம்பு ஆம்டி. பருப்பில் வெல்லமும் மசாலாவும் புளிப்பும் சேரும். அந்தப் புளிப்புக்குக் கொங்கணக் கடற்கரையிலிருந்து உலர்ந்த கோகம் பழத்தோல் வரவேண்டும். விருந்து நாளன்று பார்த்தால் அரண்மனை உக்கிராணத்தில் கோகம் தீர்ந்துவிட்டது. ராஜாவிடம் போய்ச் சொல்ல எல்லோருக்கும் பயம். அப்போது உள்ளூர்ச் சமையற்காரர் ஒருவர், "இங்கே புளி இருக்கிறதே" என்று நீட்டுகிறார். துவரம் பருப்பில் புளி விழுகிறது. விருந்தாளி ருசித்துச் சாப்பிடுகிறார். அவர் பெயரையே குழம்புக்கு வைத்துவிடுகிறார்கள். சம்பாஜி சாப்பிட்டது சாம்பார் ஆயிற்று.

கேட்க அழகான கதை. ஆனால் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இடிக்கிறது. ஷாஹஜி அரியணை ஏறியது 1684. ஔரங்கசீப்பின் படையிடம் பிடிபட்டுச் சம்பாஜி கொல்லப்பட்டது 1689. இடையிலிருந்த ஐந்தாண்டுகளும் சம்பாஜிக்கு முகலாயரோடு ஓயாத போர். அந்த நெருக்கடியில் அவர் தம் தலைநகர் ராய்கட்டை விட்டுக் காவிரிக்கரைக்கு விருந்துண்ண வந்தார் என்பதை ஏற்பது கடினம்.

இன்னொன்றும் இடிக்கிறது. மராட்டியருக்குப் புளி புதிதில்லை. புளியும் வெல்லமும் கூட்டிய ஆம்டி மராட்டிய வீடுகளில் இன்றும் அன்றாடச் சமையல்தான். தமிழ்நாட்டிலோ புளியில்லாத அடுப்படி ஏது? ஆகவே, புளியைக் கண்டு வியந்து ஒரு குழம்பு பிறந்தது என்பது இரு ஊர்ச் சமையலுக்கும் பொருந்தவில்லை.

அதற்காக இந்தக் கதையைத் தூக்கி எறியவும் எனக்கு மனமில்லை. 1855இல் கும்பினியார் தஞ்சையை எடுத்துக்கொள்ளும்வரை ஏறத்தாழ 180 ஆண்டுகள் மராட்டிய அடுப்பும் தமிழ் அடுப்பும் ஒரே ஊரில் எரிந்தன. இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைச் சமையலைச் சொல்லும் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்ற மராத்தி நூல் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுப் பக்குவம் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும், அடுத்த வீட்டுக் கைமணம் இந்த வீட்டுக்கு வந்திருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கல் உண்மை. அது ஒரே நாளில், ஒரே விருந்தில் நடந்தது என்பதுதான் கதை.

கல்லில் இருக்கும் சொல்

பெயருக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. சம்பாரம் என்றொரு சொல் தமிழில் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. கறிக்குச் சேர்க்கும் மிளகு, சீரகம், கடுகு, கொத்தமல்லி முதலான சாமான்களைக் குறிக்கும் சொல். வடமொழியின் 'சம்பார' என்பதிலிருந்து வந்தது. திரட்டிச் சேர்த்த பொருள்கள் என்று அர்த்தம்.

16ஆம் நூற்றாண்டின் விஜயநகரக் காலக் கல்வெட்டு ஒன்று, இறைவனுக்குப் படைக்கவேண்டியவற்றைப் பட்டியலிடும்போது கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றோடு 'பல சம்பாரம்' என்றும் சொல்கிறது. தஞ்சையில் மராட்டியர் கால் வைப்பதற்கு நூறாண்டுக்கும் முந்திய கல் அது. அங்கே சம்பாரம் என்பது குழம்பின் பெயராக வரவில்லை, மசாலாச் சாமானின் பெயராகத்தான் வருகிறது. ஆனாலும் சொல் அங்கே இருக்கிறது. சம்பாஜியின் பெயரைக் கடன் வாங்கவேண்டிய தேவை இந்தக் குழம்புக்கு இருந்திருக்காது.

மலையாளத்தில் அந்தச் சொல் வேறு பாத்திரத்தில் வாழ்கிறது. இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோரை அங்கே சம்பாரம் என்கிறார்கள். சாமான் சேர்ந்த மோர் சம்பாரம். அதே வழியில், சாமான் சேர்ந்த பருப்பு சாம்பார்.

நம் கிராமங்களில் இன்றும் பல வீடுகளில் இதற்குப் பெயர் பருப்புக் குழம்புதான். சாம்பார் என்ற பெயர் கல்யாணப் பந்தியிலும் ஓட்டலிலும் பெரிதாகி வீட்டுக்குள் வந்தது. என் பாட்டி கடைசிவரை "குழம்பு வெச்சாச்சா?" என்றுதான் கேட்டாள். சாம்பார் என்பது அவளுக்கு ஊர்ச் சொல், குழம்பு வீட்டுச் சொல்.

தாயும் தகப்பனும் இலையிலேயே இருக்கிறார்கள்

சாம்பார் எப்படிப் பிறந்தது என்று அறிய ஒரு வாழையிலையை உற்றுப் பார்த்தால் போதும். விருந்துச் சாப்பாட்டில் சோற்றின் மேல் முதலில் விழுவது வெறும் பருப்பு. மஞ்சளும் உப்பும் மட்டும் சேர்ந்து குழைந்த துவரம் பருப்பு, அதன்மேல் ஒரு கரண்டி நெய். அதில் துளிப் புளி இருக்காது. இன்னொரு பக்கம் வத்தக்குழம்பு. சுண்டைக்காயும் நல்லெண்ணெயுமாகப் புளி கொதித்துச் சுண்டிய குழம்பு. அதில் பருப்பைக் குழைத்துச் சேர்ப்பதில்லை.

இவை இரண்டும் சாம்பாருக்கு மூத்தவை. புளிக்காத பருப்பு ஒரு வழி, பருப்பில்லாத புளிக்குழம்பு ஒரு வழி. இரண்டும் ஒரு சட்டியில் சேர்ந்த இடம் சாம்பார். பருப்பு இறுத்த தண்ணீர் மட்டும் புளியோடு சேர்ந்தால் அது ரசம், கூடப் பிறந்த தங்கை. இத்தனை நூற்றாண்டு கழித்தும் பெற்றவர்கள், பிள்ளை, தங்கை எல்லோரும் ஒரே இலையில் வரிசையாக வந்து உட்காருகிறார்கள்.

புளிப்பும் தாளிப்பும் இங்கே எவ்வளவு பழையவை என்பதற்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் சாட்சி. புதிதாகக் குடித்தனம் வந்த பெண் தன் விரலால் தயிர் பிசைகிறாள். உடுத்த துணியிலேயே விரலைத் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. அப்படியே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் இனிது என்று சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. தாளிப்புக்கு அந்தப் பாட்டில் வரும் சொல் 'குய்'. எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது காதில் விழும் சத்தமே பெயரானது போல எனக்குத் தோன்றும். எந்த அரசவைப் பெருமையும் இல்லாத அந்தச் சிறிய வீட்டில் புளிப்பு இருக்கிறது, தாளிப்பு இருக்கிறது, கணவன் முகத்தைப் பார்த்து நிற்கும் சமையல்காரி இருக்கிறாள். சாம்பாருக்கு வேண்டியதில் பாதி அங்கேயே வந்தாயிற்று.

மற்றப் பாதி வந்த வழி

துவரை இந்தியச் செடி. நாட்டின் மத்திய, கிழக்குப் பகுதிகளில் காட்டுத் துவரையிலிருந்து உழவர்கள் அதைப் பயிராக்கினார்கள். ஒடிசாவில் கோபால்பூர், கோல்பாய் சாசன் ஆகிய புதிய கற்கால இடங்களைத் தோண்டியபோது துவரை மணிகள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மணிகள். அந்த ஒடிசாவில் இன்றும் பருப்போடு காய்களைச் சேர்த்து வேகவைக்கும் 'டால்மா' வீட்டுக்கு வீடு உண்டு. பார்த்தால் சாம்பாரின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரியே இருக்கும். நம்மைப் போலப் புளியைக் கரைத்துக் கொதிக்கவிடுவது மட்டும் அங்கே இல்லை.

புளி ஆப்பிரிக்க மரம். எப்போது வந்தது என்று கேட்கமுடியாத அளவுக்குப் பழைய வரவு. அரபு வணிகர்கள் அதை இந்தியாவில் கண்டு 'தமர் ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்கும் தாவரவியல் பெயருக்கும் போய் ஒட்டிக்கொண்டது. வந்த வீட்டின் பெயரிலேயே உலகத்துக்கு அறிமுகமான மரம் அது.

பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் மலைகளில் விளையும் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். நம் மண்ணில் அது விளைந்ததே இல்லை. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில், குவாரிங் என்ற கிராமத்தில், பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் முதல் நாற்றை நட்டார்கள். ஆனால் "பெருங்காயம் வைத்த பாண்டம்" என்று பழமொழி சொல்லும் அளவுக்கு அது நம் வீட்டுப் பொருளாகி எத்தனையோ தலைமுறை ஆகிறது. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளில் அந்த மணத்தை ஈடுகட்டுவதே பெருங்காயம்தான்.

காரம் மட்டும் பாதியில் ஆள் மாறியது. பழந்தமிழில் 'கறி' என்றால் மிளகு. காரம் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் மிளகிலிருந்துதான் வரும். வாஸ்கோடகாமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்துப் பழம் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குப் புதுப் பெயர் தேட நம்மவர்கள் சிரமப்படவில்லை. மிளகு போலக் காரமுள்ள காய், மிளகாய். தோட்டத்தில் வளரும், வெயிலில் காய்ந்தால் ஆண்டுக்கும் இருக்கும், மிளகைவிட மலிவு. ஏழை வீட்டு உலையிலும் காரம் ஏறியது மிளகாய் வந்த பிறகுதான். இன்று ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்நியமாக வந்தது மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மிளகாய்க்கு முந்திய காலம் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால் திவசத்தன்று சமைக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். பல பிராமண வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் எதுவும் கிடையாது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய் இருக்கும். முன்னோருக்குப் படைப்பதால் முன்னோர் அறிந்ததை மட்டும் சமைக்கிறார்கள். சமையல் வரலாற்றை ஏட்டில் எழுதாமல் இலையில் எழுதிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அந்த இலையில் இல்லாதவை பலவும் பின்னால் வந்தவை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேறிச் சீமைக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கினார். மலையில் விளைந்த 'இங்கிலீஷ் காய்கறி' மெல்லத் தரைக்கு இறங்கியது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சாம்பாருக்குள் வந்தன. தக்காளி வந்து புளியின் பங்கில் பாதியை வாங்கிக்கொண்டது. முருங்கைக்காய் நம் நாட்டுக் காய். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளிவந்த பி.கே.எம்.1 ரகம் அதைச் செடிமுருங்கையாக வயலுக்குக் கொண்டுபோய், ஊரெங்கும் சந்தைக்கு அனுப்பியது.

இப்படி ஒவ்வொன்றாக வந்ததைப் பார்க்கும்போதுதான் சம்பாரம் என்ற சொல்லின் பொருத்தம் புரிகிறது. திரட்டிச் சேர்த்தது என்ற அர்த்தத்தைவிடச் சரியான பெயர் இந்தக் குழம்புக்கு வேறென்ன இருக்கமுடியும்?

புளியின் இரண்டு குணம்

ஆனால் சாமான் சேர்ந்துவிட்டால் சாம்பார் ஆகிவிடாது. நான் மாடியறையில் எல்லாவற்றையும்தான் சேர்த்தேன்.

பருப்பு வேகிறது என்றால் என்ன? பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை, கொதிநீரில் கரைந்து விட்டுக்கொடுக்கிறது. செல்கள் பிரிகின்றன, பருப்பு குழைகிறது. புளித்த நீரில் அந்தப் பசை எளிதில் கரையாது. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் பருப்பு இறுகியே நிற்கும். சில ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்பார்களே, அங்கே அதே பசையை இறுக்குவது தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து.

பருப்புக்குப் பகையான அந்தப் புளிதான் காய்க்குத் துணை. கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காயைப் பருப்போடு சேர்த்து வேகவைத்தால் குழைந்து உருத்தெரியாமல் போகும். புளித்தண்ணீரில் வேகவைத்தால் வெந்தும் இருக்கும், முழுசாகவும் இருக்கும். பந்தியில் இலைக்கு வரும்போது முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே வருவது அதனால்தான்.

ஆக, ஒரே புளிப்பு பருப்பைக் கெடுக்கும், காயைக் காக்கும். இதைக் கண்டுகொண்டவர்கள் பருப்பைப் புளியிலிருந்து பிரித்தார்கள், காயைப் புளியிடம் ஒப்படைத்தார்கள், இரண்டும் தத்தம் பக்குவத்துக்கு வந்த பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். பெக்டின் என்ற பெயர் தெரியாது, அமிலம் என்ற சொல்லும் தெரியாது. ஆனால் வரிசை தெரிந்திருந்தது. சாம்பாரில் கண்டுபிடிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வரிசைதான்.

பாட்டி இதைக் கல்சட்டியில் செய்வாள். மாக்கல்லைக் குடைந்த கனத்த சட்டி. புதிதாக வாங்கினால் பல நாள் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கித்தான் அடுப்பில் ஏற்றவேண்டும். பழகிவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கால் மணி நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். வேறொரு பக்கம் வெண்கலப் பானையில் பருப்பு. பொங்கி வழியாமலிருக்க அதில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவாள். மத்தால் இரண்டு சுற்றுச் சுற்றி, குழைந்த பருப்பைக் கல்சட்டியில் சாய்ப்பாள். அதுவரை மெலிந்த பழுப்பு நீராக இருந்தது அந்த நிமிஷத்தில் நிறம் மாறும். ஓரத்தில் சின்னக் குமிழிகள் கிளம்பி நடுவே கூடும். "ஒரே கொதிதான், அதுக்கு மேல விட்டா அடி பிடிச்சுடும்" என்று சொல்லிக்கொண்டே விறகை வெளியே இழுப்பாள். கடைசியாக நெய்யில் கடுகும் வெந்தயமும் கிள்ளிய மிளகாயும் கறிவேப்பிலையும் வெடித்து உள்ளே விழும்.

மிஷினில் ஓடும் ஓர் ஆண்டு

சம்பாரம் என்ற பழைய சொல்லின் நேர் வாரிசு, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் சாம்பார் பொடி டப்பா. அது கோடையில் பிறக்கும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: நீட்டு மிளகாய் 500 கிராம், கொத்தமல்லி விதை 500 கிராம், துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் தலா 100 கிராம், மிளகு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் நாலைந்து துண்டு. மிளகாயை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைக்கவேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று பேசவேண்டும். மற்றவற்றை வாணலியில் வெறுமனே சூடேற வறுத்தால் போதும். பருப்பு வகைகள் சாம்பாருக்குச் சேர்மானம் கொடுக்கும், வெந்தயம் கசக்காமல் மணக்கவேண்டும் என்றால் சிவக்கும்போதே இறக்கிவிடவேண்டும்.

பிறகு தூக்கில் அள்ளிக்கொண்டு மிஷின் கடை. அங்கே அம்மா முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, இதுக்கு முன்னாடி என்ன ஓடுச்சு?"

"மல்லித் தூள்தாம்மா. தைரியமாப் போடுங்க."

கோதுமையோ அரிசியோ ஓடியிருந்தால் அம்மா வரிசையை விட்டு விலகி நிற்பாள். இன்னொருத்தர் மிளகாய் ஓடி முடிந்த பிறகுதான் நம் தூக்கு ஏறும். வார்ப்பட்டை சடசடக்க, சிவப்புப் புழுதி கிளம்பும். நிற்பவர்கள் எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். பொடி சூடாக வந்து விழும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டிவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் பரப்பி ஆறவைப்பாள். அன்று முழுக்க வீடே மணக்கும். அடுத்த கோடைவரை வரப்போகும் அத்தனை குழம்பும் அந்தத் தாளின்மேல் சிவப்பாகப் பரந்து கிடக்கும்.

வீட்டுக்கு வெளியே

வீட்டில் பிறந்த பிள்ளை ஊர் சுற்றிப் பெரிய பேர் வாங்கியது ஓட்டல்களால். உடுப்பியிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1938இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். உடுப்பிக்காரர் கைப்பக்குவத்தில் தேங்காயும் துளி வெல்லமும் சேர்ந்தன. மதிய இலையில் சோற்றுக்கென்று கெட்டியாக இருந்த குழம்பு, காலையில் இட்லிக்குத் துணையாகத் தளர்ந்து இறங்கியது. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் தட்டிலிருக்கும் இட்லி மூழ்கும்வரை வாளியிலிருந்து சாம்பார் ஊற்றுவார்கள். அந்தக் கடையைத் தொடங்கியது வடக்கே மதுரா பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

பக்குவத்தை ஏட்டில் ஏற்றியவர் எஸ். மீனாட்சி அம்மாள். மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் கொடுத்த ஊக்கத்தில், 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். அதுவரை மாமியார் மருமகளுக்கும், அம்மா பெண்ணுக்கும் அடுப்படியில் நின்று சொன்ன வரிசை அளவோடு அச்சில் ஏறியது. கல்யாணச் சீரோடும் வெளிநாட்டுப் பெட்டியிலும் அந்தப் புத்தகம் போயிற்று. 1959இல் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் குக்கர்கள் வந்தன. மணிக்கணக்கில் வெந்த பருப்பு சில விசிலில் குழைந்தது. அடுப்பும் பாத்திரமும் மாறின. ஆனால் குக்கருக்குள் பருப்பைத் தனியாகத்தான் வைக்கிறோம், புளி வெளியேதான் காத்திருக்கிறது.

அக்கம்பக்கத்திலும் அதே வரிசைதான், பெயரும் கைமணமும்தான் வேறு. கர்நாடகத்தில் ஹுளி, ஆந்திரத்தில் பப்புச் சாறு, கேரளத்தில் தேங்காய் வறுத்தரைத்த சாம்பார். மலேசியாவில் ரொட்டி சானாய்க்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளச் சாம்பார் வரும். ஒவ்வொரு ஊரும் தன் சம்பாரத்தைச் சேர்த்துக்கொண்டது.

இன்று காலை

உலகிலேயே அதிகம் துவரை விளைவிப்பதும் இந்தியா, அதிகம் சாப்பிடுவதும் இந்தியா. விளைவது போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா, மலாவியிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2016இல் மொசாம்பிக்கோடு நம் அரசு இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. புளி ஆதியில் எந்தக் கண்டத்திலிருந்து வந்ததோ, அதே ஆப்பிரிக்காவிலிருந்து இன்று பருப்பும் வருகிறது. சம்பாரம் இன்னும் திரண்டுகொண்டுதான் இருக்கிறது.

இன்று காலை எங்கள் வீட்டில் சின்ன வெங்காயச் சாம்பார். ஓர் அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றில், எண்ணெயில் வதங்கிய வெங்காயம் எலுமிச்சை அளவுப் புளியின் கரைசலில் கொதித்தது. இரண்டு அடுப்புக்கும் நடுவே நின்றபோது அந்தப் பழைய மாடியறை நினைவுக்கு வந்தது.

சாம்பாரை ஒரு ராஜா கண்டுபிடிக்கவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஆண்டுக் கணக்கு மட்டும் இல்லை. இந்த வரிசை ஒருமுறை தவறிச் செய்தவருக்குத்தான் கிடைக்கும். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டில், ஒருத்தி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டிருப்பாள். விறகு தீர்ந்திருக்கும், பருப்பு வெந்திருக்காது, வீட்டில் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவள் அதை மறக்கவில்லை. மறுநாள் பருப்பை மட்டும் ஏற்றிவிட்டு, கரைத்த புளியைக் கையெட்டும் தூரத்தில் தனியாக எடுத்து வைத்தாள்.

குக்கர் அடங்கியது. பருப்பை மசித்துப் புளியில் சாய்த்தேன். ஓரத்தில் குமிழி கிளம்பியது. ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்தேன்.